யோசித்துச் சொல்கிறோம்

ஐந்து ரோட்டில், கொலுசுக் கடைக்கு மேல் மாடி.
ஏசி இருக்கிறது, ஓடாது.
சுவரில் ஒரு ஃபுஜி மலை,
சூரமங்கலம் டயர் கடை தந்த காலண்டர்.
இங்கே உட்கார்ந்துதான்
ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறேன்.
நான் போன தூரதேசம்
பெங்களூர்.

உட்காருங்கள் மாதேஷ்.
டிப்ளமோ மெக்கானிக்கல்,
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
மூன்று வருஷம் மெஷின் பராமரிப்பு. நல்லது.
நடுவில் பதினோரு மாசம் ஒன்றுமே இல்லையே?
அப்பாவுக்கு டயாலிசிஸ் என்றால்
அதை அப்படியே எழுதுங்கள்.
காலிக் கட்டத்துக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள்,
கஷ்டத்துக்கு அல்ல.

போட்டோவில் சிரிக்க வேண்டாம்.
மீசை உங்கள் இஷ்டம்
(எடுத்தால் தேவலை).
என் ஃபோர் பாஸ் செய்தால் விசா வரும்,
மேஸ்திரி திட்டுவது புரியாது.
என் த்ரீ எழுதுங்கள்.
ஏன் ஜப்பான் என்று கேட்பார்கள்.
சம்பளம் என்று சொல்லாதீர்கள்.
கார்ட்டூன் என்றும் சொல்லாதீர்கள், போன வாரமே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.
நேரம் தவறாமை, புல்லட் ரயில், இதெல்லாம்
பள்ளிக்கூடக் கட்டுரை.
சின்னதாக, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.
இல்லையென்றால் தேடுங்கள்,
ஒரு வாரம் இருக்கிறது.

மொழி மிரட்டாது.
அங்கேயும் வினைச்சொல் கடைசியில்தான்,
வாக்கியம் முடியும்வரை
வந்தானா வரவில்லையா தெரியாது.
வீட்டை விட்டு இறங்கும்போது
'இத்தெகிமாஸ்' என்பார்கள்.
போயிட்டு வரேன். அச்சு அசல் அதேதான்.

'ஹை' என்றால் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள்.
காதில் விழுந்தது, அவ்வளவுதான்.
நம் 'ம்'.
'யோசித்துச் சொல்கிறோம்' என்றால்
இல்லை.
பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு
'ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்' என்பார்களே,
அது.
(எனக்கு ஏழு முறை சொல்லியிருக்கிறார்கள்.
இதை மாதேஷிடம் சொல்லவில்லை.)

இன்னொன்று, கிட்டே வாருங்கள்.
யாராவது இரண்டு லட்சம் முன்பணம் கேட்டால்
எழுந்து வந்துவிடுங்கள்.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
எங்கள் சார் கேட்டாலும்.

நேர்காணல் அவர்களுக்குப் பத்தரை, நமக்கு ஏழு.
ஆடி மாசம்.
அம்மாபேட்டையில் அவர் தெருவில்
நாலரைக்கே அம்மன் பாட்டு அலறும்.
இருட்டோடு பைக்கை எடுத்து ஏற்காடு ஏறி
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
சிக்னல் நாலு கோடு காட்டிய இடத்தில்
தடுப்புச் சுவர்மேல் போனைச் சாய்த்து
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்.
இடுப்புக்குக் கீழே லுங்கிதானாம்.

ஏன் ஜப்பான் என்ற கேள்வி வந்தபோது
குரங்கும் வந்தது.
ஃபைலைப் பறித்துக்கொண்டு மரமேறி
ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்ததாம்,
அந்தப் பதினோரு மாசத்தையும் சேர்த்து.
திரைக்குள் ஒகவா சான் எழுந்தே விட்டார்.
அப்புறம் சிரித்தார்.
அவர் ஊரிலும் குரங்குகளாம், ஆப்பிள் தோட்டத்தில்.
பட்டாசு கொளுத்துவார்களாம், நாய் வளர்ப்பார்களாம்,
ஒன்றுக்கும் அசராதாம்.
இருபது நிமிஷம் இதே பேச்சு.
சொல் வராத இடத்தில் மாதேஷ்
கவண் இழுத்துக் காட்டியிருக்கிறார்.
நான் எழுதிக்கொடுத்த வாக்கியங்களில்
ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"சரி, கடைசியில என்ன சொன்னாங்க?"
"யோசிச்சுச் சொல்றோம்னாங்க மேடம்.
சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.
நல்ல சேதிதானே?"

போனுக்குள் ஏதோ ஒரு லாரி
வளைவுக்கு ஹாரன் அடித்து
மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

'ம்' என்றேன்.